முரசின் விளிம்பில் விழுந்த அடிகள் பற்றிச் சம்பந்திக்கு

காய் தோம் ஓடைக்கரை,
திங்கட்கிழமை காலை.

கான் தோ நகரில் அரிசி ஆலை நடத்தும் மதிப்புக்குரிய லாம் குவாங் நியெம் ஐயா அவர்களுக்கு, ஹுய்ன் வான் சாங் பணிவுடன் எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுதத்தான் ஆசை. அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் ஐயா என்றே எழுதுகிறேன். இங்கு நானும் என் மனைவியும் வாத்துகளும் நலம். தங்கள் நலமும், தங்கள் துணைவியார் நலமும், அவர்களுடைய பட்டு உடையின் நலமும் அறிய ஆவல். அந்த உடை காய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் முன்னோர் மாடத்தில் ஊதுவத்தி ஏற்றினேன்.

வருகிற வியாழக்கிழமை பாக்கு வெற்றிலைத் தட்டுகளோடு நீங்கள் படகில் வந்து, உங்கள் மகன் காங்குக்கு என் மகள் துயெனை நிச்சயம் செய்வதாக இருந்தது. பந்தல் போட்டாயிற்று, பன்றிக்குச் சொல்லியாயிற்று. இப்போது, "தட்டு இப்போதைக்கு வராது" என்று மட்டும் கல்யாணம் பேசிய மியென் அம்மாளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. காரணம் என் வலது கை. துயென் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சோற்றுக் கிண்ணத்தை என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் தெரிகிறது.

நீங்கள் பட்டணத்து மனிதர், எங்கள் ஊர் வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் காவல் தெய்வத்தின் திருவிழாவில் நாடகம் ஆடும்போது மேடைக்கு எதிரே பெரிய முரசு இருக்கும். கோலைப் பிடிக்கிற ஆள், நடிகன் நன்றாகச் செய்தால் நடுத்தோலில் அடிப்பான். சொதப்பினால் விளிம்பு மரத்தில் 'டக்' என்று அடிப்பான். அந்த ஒரு டக்குக்குத் தளபதி வேடக்காரர்களுக்கே முகச்சாயம் வெளுக்கும். இத்தனை வருஷமாக அந்தக் கோல் என் கையில் இருந்தது. கெட்ட பழக்கம்தான். என் மனைவியின் மீன் குழம்புக்கும் ஒருமுறை மேசை விளிம்பில் விழுந்துவிட்டது. அதன் விளைவு இங்கே வேண்டாம்.

எங்கள் மேடையின் பெரிய நாடகம் 'கோட்டைக் கதவு'. தளபதியின் மனைவி கதவைக் காக்கிறாள். கணவன் ஓடி வருகிறான், பின்னாலேயே எதிரிப் படை. கதவைத் திறந்தால் கணவன் பிழைப்பான், ஊர் அழியும். அவள் திறப்பதில்லை. அவனும் மூடிய கதவை வணங்கிவிட்டுத் திரும்பிப் போய்ச் சாகிறான். அந்த இடத்தில் ஊரே அழும். அழாதவனுக்கு அப்புறம் ஒருவரும் படகு இரவல் தர மாட்டார்கள். இந்த நாடகத்தைத்தான் உங்கள் மகன் முதலில் சினிமாவாக்கினார், பிறகு நீர்ப் பொம்மலாட்டமாக்கினார், பிறகு பாலே நடனமாக்கினார். கெட்டிக்காரப் பிள்ளை. ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம்.

சினிமாவுக்கு நாம் இரண்டு குடும்பமும் போனோமே, அங்கே நான் சோளப்பொரி டப்பாவின் விளிம்பில் தட்டியது உங்கள் மகனைப் பார்த்து இல்லை, குதிரையைப் பார்த்து. எங்கள் மேடையில் குஞ்சம் வைத்த சாட்டையை ஒருவன் சுழற்றினால் அதுதான் குதிரை. அது மிரளும், நொண்டும், எஜமானனுக்காக ஏங்கும். படத்தில் உண்மையான குதிரையைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு நடிப்பே வரவில்லை. தளபதி சாகிற நேரத்தில் புல் தின்கிறது. பொம்மலாட்டத்திலோ தளபதி தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்தான். நான் என்னை அறியாமல் குளத்துக் கைப்பிடிக் கட்டையில் டக் டக் என்று தட்டிவிட்டேன். திரைக்குப் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற ஆட்கள் அதைத் தங்களுக்கான சைகை என்று எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் பிரிகிற கட்டத்தில் இரண்டு டிராகன் பொம்மைகளை அனுப்பிவிட்டார்கள். அவை நேராக வந்து தங்கள் துணைவியார் மேல் தண்ணீரைத் துப்பின. குறி பார்த்துத்தான் துப்பின என்று அம்மையார் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் குறி என்னுடையது இல்லை.

பாலேவுக்குப் போகும்போது என் மனைவி படகிலேயே சொன்னாள்: "கைய ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க. மேடையில தளபதி பொண்டாட்டியா ஆடப்போறது உங்க பொண்ணு." அப்படியே உட்கார்ந்தேன் ஐயா. ஆனால் உங்கள் மகன் அலங்காரத்துக்கென்று எங்கள் கோயில் முரசையே இரவல் வாங்கி வந்து, மேடைக்கு முன்னால் வைத்து, கோலையும் வைத்து, "மாமா, நீங்க இங்க உக்காருங்க, போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்று என்னையும் அதன் பக்கத்திலேயே வைத்தார். இது யார் குற்றம்? ஒருவரும் பாடவில்லை, பொறுத்தேன். ஒருவரும் பேசவில்லை, பொறுத்தேன். அப்புறம் தளபதி வேடம் போட்டவன் என் மகளை இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான். அவன் உங்கள் மகனும் இல்லை. டக். பையன் பயந்து அவளை இறக்கிவிட்டான். வாத்தியக்காரர்கள் குழம்பி, அந்தக் கட்டத்தை முதலிலிருந்து வாசித்தார்கள். மறுபடியும் தூக்கினான். மறுபடியும் டக். இது எத்தனை தடவை நடந்தது என்பதில் பத்திரிகைகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

ஆனாலும் கடைசிக் காட்சியில் நடுத்தோலில் முழுதாக மூன்று அடி அடித்தேன். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் ஊரில் கிடையாது. அதையாவது தாங்கள் கணக்கில் எடுக்கவேண்டும். கோலைக் கோயில் குழுவிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி முரசைத் தொடமாட்டேன். என் கையின் குற்றத்துக்காக என் மகளைத் தண்டிக்காதீர்கள். அவள் உங்கள் மகனை விரும்புகிறாள், அவர் எடுத்த சினிமாவைப் பார்த்த பிறகும் விரும்புகிறாள்.

தங்கள் ஆலை தடையின்றி ஓடவும், தங்கள் முன்னோர்கள் மனம் குளிரவும் வேண்டி, இத்துடன் ஒரு ஜாடி ஊறவைத்த மீனும் அனுப்புகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
ஹுய்ன் வான் சாங்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மியென் அம்மாள் வந்து சேர்ந்தாள். "என்னத்த எழுதிக்கிட்டு இருக்கீங்க? அந்த ஆலைக்கார ஐயா முன்னாடி சா டெக் ஊருல இருந்தப்ப உங்கள மாதிரியே கோல் புடிச்சவராம். டக்கு அடிச்சதெல்லாம் சரியான எடத்துலதானாம், டிராகனோட சேத்து. பாலே கடைசியில தளபதி பொண்டாட்டி கதவத் தொறந்து புருஷனக் கட்டிப்புடிச்சாளே, அதுக்குப் போயி மூணு அடி அடிச்சாரே, அந்த மனுஷன் வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்குறதுன்னுதான் கோவம்" என்றாள்.

ஆகவே சம்பந்தி, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். கதவு திறந்ததா என்பதை நான் கவனிக்கவே இல்லை. சின்ன வயதில் மூங்கில் பாலத்தைத் தாண்ட என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு அழுத பெண், அத்தனை பேருக்கு முன்னால் ஒரே கால் விரலில் நின்றாள். ஆடாமல் நின்றாள். அந்த மூன்று அடி அவளுக்கு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நாளைக்கு அவள் வெளியே நின்று தட்டினால் நானும் கதவைத் திறந்துவிடுவேன், பின்னால் எந்தப் படை வந்தாலும் சரி. குற்றம் என்று தோன்றினால் வியாழக்கிழமை தட்டுகளோடு வந்து நீங்களே விளிம்பில் அடியுங்கள். கோலைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டேன்.