ஜெர்மனின் இடது முழங்கால்

ஜெர்மனியில் எந்த ஊரில் எந்த மாதம் பனி கொட்டும், எந்த மைதானத்தில் புல் வழுக்கும், எந்த ஊர் ஜனங்கள் தோற்றாலும் பாட்டுப் பாடுவார்கள் என்று கேட்டால், ரங்கூன் முழுவதிலும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான். அவர் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் இல்லை. ரங்கூனின் தாகேதா பேட்டையில் சைக்கா மிதிக்கிறார்.

சைக்கா என்பது ஒரு சைக்கிளும், அதன் இடுப்பில் ஒட்டிக்கொண்ட ஒரு பெட்டியும். ஒருவர் முன்னே பார்த்தும் ஒருவர் பின்னே பார்த்தும், முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் அவர் பேச்சிலிருந்து தப்ப முடியாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தமிழர்களுக்கு அவர் 'ஜெர்மன்'. பர்மியப் பிள்ளைகளுக்கு 'கோ ஜெர்மன்', அதாவது ஜெர்மன் அண்ணன். அவருடைய பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர் என்பதும், நிறம் நல்ல கறுப்பு என்பதும் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. நான் போட்டாதாங்கில் ஒரு சரக்கு ஆபீசில் பேனா பிடிக்கிறவன். அதனால் அவருக்கு நான் 'சயா', பர்மிய பாஷையில் வாத்தியார். தினமும் காலையில் என்னை பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுபோய் விடுவது அவர் வேலை. அதுவரை ஜெர்மனியில் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொள்வது என் வேலை.

ஜெர்மனி என்றால் முழு ஜெர்மனி இல்லை. அங்கே ஒரே ஒரு கால்பந்து ஆட்டக்காரர். நடுக்களத்தில் ஆடுகிறவர், எட்டாம் நம்பர் சட்டைக்காரர். அவர் பெயரை எழுத மாட்டேன். எங்கள் வார்டில் யாராலும் அதை முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை. ஜெர்மன் அவரைத் 'தம்பி' என்பார். புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் ஆறு மாதம் வரை, "உங்க தம்பி மாசாமாசம் வீட்டுக்கு அனுப்புறானா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

தம்பி கிளப் மாறினால் சைக்காவும் நிறம் மாறும். முதலில் சொந்த ஊர்ச் சின்ன கிளப், சைக்கா மஞ்சள். பிறகு வேறொரு கிளப், சைக்கா நீலம். அந்த நீலக் கிளப் ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லி அவரை இன்னொரு கிளப்பில் ஆடிவிட்டு வர அனுப்பியது. மறுநாள் சைக்காவின் வலது பக்கம் நீலம், இடது பக்கம் வெள்ளை.

"இது என்ன கோலம்?" என்றேன்.

"திரும்பி வரப்போற புள்ள, சயா. முழுசா மாத்திட்டா பழைய கிளப்பு மனசு என்ன பாடுபடும்?"

அடுத்து தம்பிக்கு யோகம் அடித்தது. பெரிய கிளப் ஒன்று அழைத்துக்கொண்டது. சைக்கா சிவப்பு. ஆனால் தம்பியை அங்கே இரண்டு வருஷம் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஜெர்மன் சளைக்கவில்லை. சைக்காவில் பயணிகள் உட்காரும் பலகைக்கு மட்டும் தனியாக வார்னிஷ் அடித்தார். "உக்கார்ற எடத்துலதான இப்ப தம்பி இருக்கான்" என்றார். அதற்கப்புறம் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு இறங்கினார் தம்பி. நாங்கள் துக்கம் விசாரிக்கப் போனால், இவர் பச்சைப் பெயிண்டைக் கலக்கிக்கொண்டு சிரிக்கிறார்.

"ரெண்டாம் டிவிசன் ஆட்டம் நமக்குச் சாயங்காலமே வந்துருது சயா. பெரிய ஆட்டமெல்லாம் இருட்டுன பொறவு. நான் முழிச்சிருக்க முடியலன்னு தெரிஞ்சுதான் எறங்கி வந்திருக்கான்."

ஏன் இந்த ஒரு ஆள் என்று ஒருநாள் கேட்டேன். பாலத்து மேட்டில் இறங்கி சைக்காவைத் தள்ளிக்கொண்டிருந்தோம். இளவயதில் வார்டு டீமுக்கு ஆடியபோது ஜெர்மனின் இடது முழங்கால் பிசகிப்போனது. இருபது வருஷமாக அந்தச் சின்னப் பாலம் வந்தால் அவர் இறங்கித் தள்ளுவார். வெட்கப்பட்டுக்கொண்டு நாங்களும் இறங்கி விடுவோம்.

"கோல் போட்டவனை ஊருக்கே தெரியும். அவங்கிட்ட பந்தைக் கொண்டாந்து குடுத்தவனை யாருக்குத் தெரியும்? ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஓடி ஓடிக் கொண்டுபோய்ச் சேக்கிறான் பாருங்க, அவன் நம்மாளு."

போன மழைக்காலம் முடிந்த கையோடு தம்பியின் முழங்காலில் அடிபட்டது. வயது முப்பத்து நாலு. கிளப்போடு ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. அதற்குள் எழுந்து ஆடிக் காட்டாவிட்டால் அவரை எந்தக் கிளப்பும் தொடாது; ஆட்டமே முடிந்தது. ஜெர்மன் இரண்டு நாள் சைக்காவை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என்னை இழுத்துக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போனார். பத்தரிடம் சொல்லி அடித்த வெள்ளித் தகட்டு இடது கால் ஒன்று மடியில் இருந்தது.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் குருக்கள்.

ஜெர்மன் பெயரைச் சொன்னார். குருக்கள் மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை பல்செட் அசைந்தது.

"தம்பின்னே வச்சுக்குவோம். நட்சத்திரம்?"

"அனுஷம்." பிறந்த தேதியை என்னிடம் கேட்டு வாங்கிப் பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்திருந்தார் மனிதர்.

"கோத்திரம்?"

ஜெர்மன் என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்தேன்.

"தெரியாதவங்க எல்லாம் சிவகோத்திரம்" என்று குருக்களே முடித்துவைத்தார். ஒரு ஜெர்மானியர் சிவகோத்திரத்தில் சேர்ந்த வரலாறு இதுதான்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் காலை சைக்காவில் போய்க்கொண்டிருந்தபோது, பாலம் பின்னால் போய்விட்டதைக் கவனித்தேன். நான் இறங்கவில்லை. அவரும் இறங்கவில்லை. மறுநாளும் அப்படியே. அவரோ எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை; தம்பிக்கு இன்னும் வீக்கம் வடியவில்லையே என்று புலம்பிக்கொண்டே மேட்டை ஏறி இறங்கினார்.

அந்த வாரம்தான் கிளப் ஒரு படம் வெளியிட்டது. தம்பி கட்டிலில், முழங்காலில் கட்டு. ஆபீசில் அதைப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டு வலது காலில்.

ஜெர்மன் பார்ப்பதெல்லாம் போனில் திருட்டுத்தனமாகப் போடுகிற ஆட்டங்கள். பிடிபடாமல் இருக்க, படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றிப் போட்டுவிடுவார்கள். எட்டாம் நம்பரை எப்படித் திருப்பினாலும் எட்டுதான். பதினாலு வருஷமாக ஜெர்மன் 'இடதுகால் மன்னன்' என்று ஊரெல்லாம் சொல்லி வந்த தம்பி, உண்மையில் வலதுகால்காரர்.

சாயங்காலம் படத்தை அவரிடம் காட்டினேன். "மைதானத்துப் பலகையில எழுத்தெல்லாம் திரும்பியிருந்துச்சே, அதைக்கூடவா பார்க்கலை?"

"ஜெர்மன் எழுத்தே அப்படித்தான்னு நெனச்சேன் சயா."

பிறகு மெதுவாகத் தன் இடது காலை நீட்டினார். மடக்கினார். நீட்டினார். முகம் செத்துப்போனது.

"அய்யய்யோ. எனக்குல்ல வந்து சேந்திருக்கு!"

அன்றைக்கே வலது கால் ஒன்று அடிக்கச் சொல்லிக் கோயிலுக்கு ஓடினார். "ஆத்தா, அட்ரஸ் தப்பாப் போச்சு. எங்கிட்ட குடுத்ததை எடுத்துக்க. அவனுக்குக் குடுத்துரு" என்று உரக்கவே வேண்டினார்.

குருக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், அம்மன் என்ன கடையா வச்சிருக்கா, மாத்திக் குடுக்க? வந்ததை வச்சுக்கிட்டு சும்மா இரு!"

நானும் என் பங்குக்குக் கத்தினேன். "உங்க பொழப்பே இந்தக் கால்லதான் ஓடுது. அவருக்கு அங்க பெரிய பெரிய டாக்டர் இருக்காங்க!"

"எனக்கு வலிச்சா பாலத்துல எறங்கித் தள்ளிக்குவேன், சயா. அவன் மைதானத்துல எறங்கித் தள்ள முடியுமா?"

வலது காலைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

சீசனின் கடைசி ஆட்டம். சாயங்காலம் டீக்கடையில் கரண்ட் இல்லை. போனை ஒரு டீ கிளாசில் சாய்த்து வைத்துப் பத்துப் பதினைந்து பேர் குனிந்திருந்தோம். எழுபத்தெட்டாவது நிமிஷம் தம்பி இறங்கினார். ஜெர்மன் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் பந்து தம்பியிடம் வந்தது. அவர் நின்றார், நிமிர்ந்து பார்த்தார், ஒரு பாஸ் கொடுத்தார். அதை வாங்கியவன் இன்னொருவனுக்குக் கொடுக்க, அவன் கோல் அடித்தான். அதே நொடியில் தெரு விளக்கும் எரிய, "மீ லாப்யீ!" என்று வார்டே கரண்ட் வந்ததற்குக் கூச்சல் போட்டது. ஜெர்மன் அது தம்பிக்காகப் போட்ட கூச்சல் என்றுதான் இன்றும் நம்புகிறார்.

"கோலை விடுங்க! பாஸைப் பாருங்க! பாஸைப் பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவர் தோளையும் பிடித்து உலுக்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அன்று இரவு வார்டில் நடக்க முடிந்தவர், முடியாதவர் எல்லோரையும் சைக்காவில் ஏற்றி, ஆளுக்கொரு சுற்று சும்மா சுற்றிக் காட்டினார்.

அடுத்த வாரம் தம்பிக்கு இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம் நீட்டியதாகச் செய்தி வந்தது. நானே ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாள் காலை, புதிதாக அடித்த பச்சை வாசனையோடு சைக்கா பாலத்தடிக்கு வந்து நின்றது. ஜெர்மன் இறங்கினார். லுங்கியை உயர்த்திக் காட்டினார். இடது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"ஆத்தா எடுத்துக்கிட்டா சயா! சொன்னபடியே எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டா!" என்று சிரித்தார். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவ்வளவு பேரை ஏற்றிச் சுற்றினால் எந்தக் கால்தான் தாங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். இறங்கி, அவர் பக்கத்தில் நின்று தள்ளினேன்.

சனிக்கிழமை பத்தரிடம் போய்க் கால் ஒன்று வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். குருக்கள் தட்டைப் பார்த்தார்.

"யார் பேருக்கு?"

"ஜெர்மன்."

கோத்திரம் அவர் கேட்கவில்லை. தகட்டை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடது கால்தானே? நல்லாப் பாத்தீரா?"

"போன்ல பாக்கலை சாமி," என்றேன். "பக்கத்துல உக்காந்து பாத்தேன். பதினாலு வருஷமா."