கிளி வைத்த நடைவண்டி

பரணில் இரண்டு ஓட்டை அண்டாக்கள் இருந்தன. மகள் பாரதி பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பை இருந்தது. ஓடாத மிக்சிகூட இருந்தது. நடைவண்டியை மட்டும் காணோம்.

"இல்லாத பொருள எங்கேர்ந்து எடுப்பீங்க? இந்த வூட்டுக்கு வந்து இருவத்தேழு வருசம் ஆவுது. நான் அத கண்ணால பாத்ததில்ல" என்றாள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த விஜயலட்சுமி.

"அப்ப அது இன்னா?" என்று பரணிலிருந்தபடியே கூடத்துச் சுவரைக் காட்டினார் அய்யப்பன்.

சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அரைஞாண் கயிறும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் விடைத்த காதுகளுமாக ஒரு வயதுக் குழந்தை, மரக்கிளி வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு ஜமீன்தார் மாதிரி நின்றது.

எல்லாம் பேரனின் முதல் பிறந்தநாளில் வந்த வினை. மணலூர்பேட்டையில் நடந்த அந்த விசேஷத்தில், சம்பந்தி நாராயணசாமி வந்தவர்களிடமெல்லாம் குழந்தையைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார். மூக்கு அவர் மூக்கு. நெற்றி அவருடைய அப்பாவுடையது. காது அவர் அண்ணனுடையது. கால் நகமாவது நம் பக்கம் வரும் என்று அய்யப்பன் காத்திருந்து பார்த்தார். அதுவும் சம்பந்தியம்மாவுக்குப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, "புள்ள நடக்கறதுக்கு வாக்கர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கங்க, பாட்டெல்லாம் பாடுமாம்" என்றார் நாராயணசாமி.

"வாங்கிடாதீங்க சம்பந்தி. நடை எங்க பக்கம். நான் பத்து மாசத்துல நடந்தவன். என் நடைவண்டியே வூட்ல கீது. ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு வாங்க, புடிச்சிக்கினு நடப்பான் பாருங்க" என்று சொல்லிவிட்டார் அய்யப்பன். இன்று செவ்வாய்க்கிழமை.

நைனார்பாளையத்தில் நடைவண்டி ஒரு வீட்டில் தங்காது. எந்த வீட்டில் குழந்தை எழுந்து நிற்கிறதோ அங்கே போய்விடும். அடுத்து யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று யோசித்தார். பக்கத்து வீட்டுப் பாவாடையும் அவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு பாவாடையின் மாவு மில்லுக்குப் போனார்.

பாவாடை கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"இந்தப் புள்ள யாரு?"

"நான்தான்டா."

"அப்படியா? எங்கியோ பாத்த மூஞ்சியா கீதே."

"தினம் பாக்கற மூஞ்சிதானடா. வண்டியப் பாரு. செகப்பு வண்டி, நெனவிருக்கா?"

"பச்ச வண்டி. எங்க வூட்லதான் இருந்துச்சி. நான் நடந்த வண்டியாச்சே."

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை எப்படி நிரூபிப்பது என்று அய்யப்பனுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் நினைவில் அது சிவப்பு. அந்தக் கிளியின் தலையைத் தடவித் தடவி நடந்தது இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

"சரி, இப்ப எங்க?"

"வெள்ளிமலைலேர்ந்து வெள்ளச்சின்னு ஒரு அம்மா சாம அரைக்க வரும். போன வருசம் பேத்திக்குன்னு வாங்கிக்கினு போச்சி."

மறுநாள் மலைப்பேருந்தில் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனார். வண்டி கிடைத்தது. நீல நிறத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளச்சியின் பேத்தி களத்துமேட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நடக்கற புள்ள கையிலேர்ந்து வண்டியப் புடுங்கக் கூடாதுங்க. நடை நின்னுபோவும்னு சொல்லுவாங்க" என்றாள் வெள்ளச்சி.

"இது நான் நடந்த வண்டிம்மா" என்று படத்தைக் காட்டினார்.

வெள்ளச்சி படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "காது வேற மாதிரி கீதே?"

"வயசானா அமுங்கிடும்மா."

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வேறு வண்டி தந்தால் இதைக் கொடுப்பாள். வியாழக்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் வாக்கர் வாங்கினார். பாட்டுப் பாடுவது. சம்பந்தி வாங்குகிறேன் என்று சொன்ன அதே மாதிரி வாக்கர். அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை மறுபடியும் மலையேறினார்.

"இது மண்ணுல ஓடாதே" என்றாள் வெள்ளச்சி.

"பாட்டுப் பாடும்மா."

பேத்தி பாட்டுக்கு மயங்கியதால் காரியம் முடிந்தது. இறங்கி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் நடைவண்டி பேருந்துக்குள் ஓடி யார் காலையாவது முட்டியது. அய்யப்பன் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நகத்தால் நீலத்தைச் சுரண்டினார். உள்ளே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே வெறும் மரம். சிவப்பு எங்கே போயிற்று? அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கிளி அதே கிளிதான். யாரோ அதன் கண்ணுக்கு வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மலை வரை வழிகாட்டிய நன்றிக்குப் பாவாடையையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சின்னசேலத்திலிருந்து அக்கா கண்ணகியும் வருவதாகச் சொல்லியிருந்தாள். கூடத்தின் நடுவே வண்டியை வைத்து, பேரனைக் கொண்டுவந்து நிறுத்தினார் அய்யப்பன்.

பேரன் கிளியைப் பார்த்தான். வீலென்று கத்தினான்.

"கண்ணுதான் பயமா இருக்குது போலருக்குப்பா" என்றாள் பாரதி.

கிளியின் தலைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். முக்காடு போட்ட உருவத்தைக் கண்டு குழந்தைக்கு மூச்சே நின்று வந்தது. "தாத்தா எப்படி நடக்கறேன் பாரு" என்று தானே குனிந்து வண்டியைப் பிடித்து நான்கு அடி நடந்தார். ஐந்தாவது அடியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிந்தபடியே நின்ற தாத்தாவைப் பார்த்துப் பேரன் இன்னும் ஜாஸ்தியாக அழுதான்.

நாராயணசாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "எங்க வம்சத்துல இந்த மாதிரி பயந்தது யாரும் இல்லீங்க. இது யாரு கொணமுன்னு தெரியலியே" என்றார் வருத்தமாக.

விஜயலட்சுமி நிலைமையைச் சமாளிக்க இலையைப் போட்டாள். பாவாடை முதல் ஆளாக உட்கார்ந்து வடையில் கை வைத்தான். அய்யப்பன் மட்டும் பசியில்லாமல் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தார். நடையும் போயிற்று. அழாமல் நின்ற அந்தக் குழந்தையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கண்ணகி உள்ளே நுழைந்தாள். வண்டியைப் பார்த்தாள், இன்னும் விசும்பிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள்.

"இந்தக் கிளியப் பாத்தா அழுவுறான்? தாத்தனையே உரிச்சி வெச்சிக்கிறானே. நீயும் இப்படித்தான்டா அய்யப்பா, வீல்னு கத்துவ. ரெண்டு வயசு வரைக்கும் தவழ்ந்துகினுதான் கெடந்த. அந்தச் சனியன வூட்ல வெக்கமுடியாமதான் பக்கத்து வூட்டுக்குக் குடுத்தோம்."

அய்யப்பன் நிமிர்ந்தார். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. "சம்பந்தி, கேட்டீங்களா? பயம் எங்க பக்கம்" என்று சொல்லிப் பேரனை வாங்கி இறுக அணைத்துக்கொண்டார். பிறகுதான் மடியிலிருந்து நழுவி விழுந்த படம் கண்ணில் பட்டது.

"அப்ப இதுல தெகிரியமா நிக்கிறது யாருக்கா?"

"போட்டோக்காரரு வந்த அன்னிக்கி நீ வண்டிகிட்டவே போவல. எடுத்தே ஆவணும்னு அப்பா ஓடிப்போய் வேற புள்ளையத் தூக்கியாந்து நிக்க வெச்சாரு" என்ற கண்ணகி, பந்திப் பக்கம் கையைக் காட்டினாள். "அதோ, மூணாவது வடையக் கேட்டு வாங்கறானே, அவன்தான்."