பராத் கரில் காலை முகூர்த்தம்

எனக்குக் கோபம் வந்தால் மூளை லீவு போட்டுவிடும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் முக்கால்வாசி நேரம் நான் கோபமாகத்தான் இருக்கப்போகிறேன். இதோ எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. அக்காவுக்கு இருபத்தொன்பது முடிந்து, நாலு வரன் தட்டிப்போய், ஐந்தாவதாக ஒரு தங்கமான மாப்பிள்ளை அமைந்தார். அவருக்கும் டெல்லியில்தான் வேலை, அதனால் கல்யாணமும் அங்கேயே. கார்த்திகையில் கடைசி முகூர்த்தம், காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். அதை விட்டால் மார்கழி வந்துவிடும். "இதுக்கு மேல தள்ளிப்போச்சுன்னா சம்பந்தமே வேண்டாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா திருநெல்வேலியிலிருந்து கடுதாசியே போட்டிருந்தார்.

மற்றதையெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டார். மண்டபம் பிடிப்பது மட்டும் என் பொறுப்பு. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இந்த ஒண்ண மட்டும் ஒழுங்காப் பண்ணிருடா" என்றாள். (அதற்குமுன் நான் எதையும் ஒழுங்காகப் பண்ணியதில்லை என்று அர்த்தம்.)

எங்கள் வட்டாரத்தில் கமேட்டியின் பராத் கர் ஒன்று இருந்தது. கமேட்டி என்றால் முனிசிபாலிடி. பராத் கர் என்றால் அவர்களுடைய சமூக சேவைப் பிரிவு நடத்தும் கல்யாண மண்டபம். விண்ணப்பம் மூன்று பிரதி, ரேஷன் கார்டு நகல், நாலு தடவை நடை. கடைசியில் ரசீது கிடைத்தது. முன்பக்கம் தேதி சரியாக இருந்தது. பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதை நான் திருப்பிப் பார்க்கவில்லை. நாங்கள் அரசாங்க குமாஸ்தாக்கள், பின்பக்கம் படிக்கச் சொல்லி அடுத்தவனைத்தான் துரத்துவோம்.

முந்தின நாள் சடங்குகளை வீட்டிலேயே முடித்துவிட்டு, விடிகாலை ஐந்தரைக்கு அப்பாவும் நானும் சமையல்காரரும் டெம்போவில் போய் இறங்கினோம். உள்ளே போனால் ஹால் முழுக்க ரஜாய்ப் போர்வைக்குள் ஆட்கள் தூங்குகிறார்கள். தரையெல்லாம் இலைத் தொன்னை, மண் குவளை, மிதிபட்ட சாமந்தி, கடித்துப் போட்ட தந்தூரி ரொட்டி. ஒரு பாண்டுக்காரர் டிரம்பெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குறட்டை விடுகிறார்.

"யார் இவங்கல்லாம்?" என்று காவலுக்கு இருந்த சௌக்கிதாரிடம் பாய்ந்தேன்.

"நேத்து ராத்திரி ஷாதி, பாபுஜி. உங்க புக்கிங் இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்குத்தான். ரசீதைத் திருப்பிப் பாருங்க."

"முகூர்த்தம் காலையில ஏழரைக்குய்யா!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காலையில யார் பாபுஜி ஷாதி பண்ணுவாங்க?"

நியாயமான கேள்வி. டெல்லியில் கல்யாணம் ராத்திரியில்தான். ஆறு வருஷமாக ராத்திரி பதினோரு மணிக்குக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட தடியன் நான், எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனால் அந்த விண்ணப்பத்தில் தேதியை எழுதும்போது, கல்யாணம் என்றால் காலை என்பதைத் தவிர வேறெதுவும் இந்த மரமண்டையில் ஓடவில்லை.

அப்பா ஹாலின் நடுவில் நின்று கத்தினார். "ஏலே, கூறுகெட்ட பயலே! கல்யாணம் காலைல, மண்டபம் சாயந்தரம்னா, தாலிய என்ன தபால்லயா அனுப்பச் சொல்லுத?"

சத்தத்தில் ரஜாய் ஒன்று விலகி ஒரு பெரியவர் எழுந்தார். முந்தின இரவு மணப்பெண்ணின் அப்பா. விஷயத்தைச் சொன்னதும், "பொண்ணோட கல்யாணமா? அரே, எழுந்திருங்கப்பா, ஜல்தி!" என்று அத்தனை பேரையும் உசுப்பிவிட்டார். கால்மணி நேரத்தில் ஹால் காலி. மகராசன், எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்.

ஆட்கள் போனார்கள், குப்பை போகவில்லை. விளக்குமாறு கேட்டால், "ஸ்டோர் ரூம் பூட்டியிருக்கு. ஹால் பெருக்கறவர் பத்து மணிக்கு வருவார்" என்றார் சௌக்கிதார். எனக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. இரண்டு தெரு தள்ளித் துப்புரவுத் தொழிலாளர்கள் ஹாஜர் கொடுக்கும் இடத்துக்கு ஓடினேன். அங்கே தரோகா, அதாவது அவர்களுடைய மேற்பார்வையாளர், டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஹாலா? கேட்டுக்கு உள்ளே இருக்கற குப்பை சமூக சேவைப் பிரிவு. கேட்டுக்கு வெளியே இருந்தாத்தான் எங்க சுகாதாரப் பிரிவு" என்றார் சாவகாசமாக.

"வெளியே இருந்தா உடனே அள்ளுவீங்களா?"

"கண்டிப்பா. அது எங்க கடமை."

ஆஹா! என் மேதாவித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரும்பி ஓடினேன். பட்டு வேட்டியை மடித்துக்கட்டி, வந்து சேர்ந்த சித்தப்பா, மாமா எல்லாரையும் ஏவி, மொத்தக் குப்பையையும் ஜமுக்காளத்தில் இழுத்து கேட்டுக்கு வெளியே கொட்டினோம். ஏழேகாலுக்கு இடுப்பு உயரக் குவியல், சரியாக வாசலை அடைத்துக்கொண்டு. எங்கிருந்தோ இரண்டு மாடுகள் வந்து விருந்தை ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வேனும் அக்கா வந்த வேனும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்த தரோகாவும் வந்தார். கைவண்டி, ஆட்கள், கூடவே அபராதம் போடும் சலான் புத்தகம்.

"பொதுச் சாலையில குப்பை கொட்டினது யார்? பேர் சொல்லுங்க."

"நீங்கதானய்யா வெளியே இருந்தா அள்ளுவேன்னீங்க!"

"அள்ளுவோம். முதல்ல சலான், அப்புறம் அள்றது."

அப்போதுதான் மூளை முழு லீவில் போனது. கமேட்டியை, அதன் பிரிவுகளை, அந்தப் பிரிவுகளைப் பிரித்தவனை, அவன் பரம்பரையை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டியதோடு விட்டேனா? குவியலை ஓங்கி ஒரு உதை விட்டேன். ஒரு தொன்னை நிறைய தயிர்வடை எழும்பிப் போய், வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையில் விழுந்தது.

அந்த அம்மாள் வேனுக்குத் திரும்பக் கால் எடுத்து வைத்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அக்கா வேனிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்த்து "நீ வாயத் திறக்காத" என்றாள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகினாள். கைவண்டியில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். "அத்தை, ரெண்டே நிமிஷம். வழி பண்ணிருதேன்" என்று சொல்லிவிட்டு அள்ள ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா அப்படியே நின்றார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, "கல்யாணப் பொண்ணு குப்ப அள்ளுதா, நீங்கள்ளாம் வேடிக்கையா பாக்கிய? தூ!" என்று ஒரு அதட்டுப் போட்டு, தயிர்ச்சேலையோடு தானும் குனிந்தார். தரோகா சலான் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்து மண்வெட்டியை வாங்கினார். அவருடைய ஆட்கள் பத்து நிமிஷத்தில் வாசலைத் துடைத்துவிட்டார்கள். எட்டு ஐம்பதுக்குத் தாலி ஏறியது. அந்த அவசரத்தில் யாரும் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினைந்து நாள் கழித்துப் போட்டோ ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படத்தில் அக்கா, அத்தான் தலைக்குமேல், ஒரு அடி உயரத் தெர்மக்கோல் எழுத்தில்: 'ராகேஷ் வெட்ஸ் சுனிதா.' எல்லாப் படத்திலும் அதுவேதான். மண்வெட்டி பிடித்தபோது அழாத அக்கா அன்றைக்கு அழுதாள். "எம்பிள்ளைக இதப் பாத்து என்னன்னுடா நினைக்கும்?" என்றாள். அந்தப் பெயர்களை இன்றைக்கு எங்கே பார்த்தாலும் எனக்குக் கமேட்டியின்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. என்மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

மறுவருஷம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. பேர் வைக்கிற அன்று அத்தான் எல்லார் முன்னாலும் அந்த ஆல்பத்தை விரித்துவைத்து, "ஒரு பேராவது பொருந்தட்டும்" என்று குழந்தையின் காதில் மூன்று தடவை 'சுனிதா' என்றார். வீடே சிரித்தது, அக்காவும்தான். அப்புறம் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும், "மேடையில யார் பேர் இருக்குன்னு மச்சான் போய்ப் பார்த்துட்டு வரட்டும்" என்று அத்தான் ஆரம்பித்துவிடுவார்.

அக்கா இரண்டாவதாக உண்டானபோது, ஆல்பத்தில் மிச்சமிருந்த இன்னொரு பேரை நினைத்து, இதுவும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

பையன்தான் பிறந்தான்.