எவரும் நுழைய முடியாத கணினி

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். நான் முதலில் பார்த்தது, கொழும்பு அலுவலகமொன்றின் நீள மேசையில் ஏழு பேருக்காக வைத்திருந்த ஏழு தண்ணீர்ப் போத்தல்கள். ஏழு பேர் வருவார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. (இரண்டு பேருக்குப் போதுமான அளவுதான் பேச்சைப் பாடமாக்கியிருந்தேன்.)

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று நடந்ததற்குக் கணினி காரணமில்லை, தெய்வமும் காரணமில்லை. நாள் குறித்தவன் நான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஹட்டனில் தேயிலைத் தூள் கலந்து பொட்டலம் போடும் சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. மொத்தம் ஒன்பது பேர், ஒரு லொறி, ஒரு கணினி. கொழும்பில் ஹோட்டல்களுக்குச் சாமான் வழங்கும் நிறுவனமொன்று எங்களிடம் தூள் வாங்க முன்வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: எங்கள் களஞ்சியத்தின் இருப்பை அவர்கள் கொழும்பிலிருந்தே எந்த நேரமும் பார்க்க வேண்டும், வேறு எவரும் பார்க்கக் கூடாது.

"இதச் செஞ்சு முடி. ஓடர் வந்தா ஒன்ன நிரந்தரமாக்கிடுறேன்" என்றார் முதலாளி.

செய்து முடித்தேன். தொலைபேசி இணைப்பில் மோடத்தை மாட்டி, கொழும்பிலிருந்து அழைத்தால் ஹட்டன் கணினி திறக்கும்படி வைத்தேன். பதினான்கு எழுத்தில் கடவுச்சொல். மூன்று முறை பிழையாக அடித்தால் ஒரு நாள் கதவடைப்பு. கடவுச்சொல் என்னவென்று முதலாளி கேட்டபோது, "பாதுகாப்புங்க, சொல்ல முடியாது" என்றேன். (அவருடைய கணினி. அவருடைய மின்சாரம்.)

செய்முறை காட்ட நாள் கேட்டார்கள். கொழும்பு வங்கியொன்றின் கலண்டரைப் பார்த்து, விடுமுறை இல்லாத ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்துவிட்டு, முதல் நாள் காலை ரயில் ஏறினேன்.

மேசையின் தலைமாட்டில் கொள்வனவு முகாமையாளர் இருந்தார். யாழ்ப்பாணத்து அம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். "எங்கள் கணினிக்குள் எவரும் நுழைய முடியாது" என்று ஆரம்பித்து, அவர்களுடைய கணினியில் ஹட்டன் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மோடம் எடுக்கவில்லை.

ஒன்பது பதினேழு. எங்கள் ஹட்டன் அலுவலகத்தின் மற்றத் தொலைபேசிக்கு எடுத்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டேன். (இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.) எங்கள் மூத்த கிளாக்கர் மாரிமுத்து பேசினார்.

"கிளாக்கர் ஐயா, கம்பியூட்டர் ஓடுதா?"

"அது பூசையில இருக்குங்க தம்பி."

"எதுல?"

"இன்னைக்கு ஆயுத பூசைங்க. மவுசுக்குச் சந்தனம் வச்சாச்சு. மோடத்துக்குத் தனியா குங்குமம். ரொம்ப அழகா இருக்கு, பாக்கத்தான் நீங்க இல்ல."

ஏழு நாளாக ஹட்டன் அலுவலகத்தில் தினமும் கைநிறைய நவராத்திரிக் கடலை தின்றவன் நான். ஒன்பதாம் நாள் என்ன வரும் என்று ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை. வங்கிக் கலண்டரில் அது விடுமுறை நாளுமில்லை.

"ஐயா, அஞ்சு நிமிஷம் சுவிட்சப் போடுங்க."

"சிவ சிவா! சாமிகிட்ட வச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். தராசையே தொடல, ஒரு கிலோ தூள் நிறுக்கல. ஒங்க பெட்டிக்கு மட்டும் தனிச் சட்டமா?"

யாரோ போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. லொறி ஓட்டுநர் சுனில் சிங்களவர், பௌத்தர். நம் விதி அவரைக் கட்டாது. அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"அனே மாத்தயா, எனக்கு ஏலாது" என்றார் சுனில். "லொறிக்கும் மாலை போட்டுத்தானே இருக்கு? நான் சாமிகிட்ட கோவம் வாங்கினா, கினிகத்தேன எறக்கத்தில பிரேக்கை யாரு புடிக்கிறது, நீங்களா?"

கடைசியில் முதலாளி பேச வந்தார். "முதலாளி, ஓடர் போயிருங்க" என்றேன். என் நிரந்தரமும் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார் என்று நம்பினேன். பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார்:

"கையாலதானே தொடக்கூடாது? குடையக் கொண்டாங்க."

மலைநாட்டில் குடைக்குப் பஞ்சமில்லை. தொடர்ந்து நடந்ததை நாங்கள் எட்டுப் பேரும் கிளாக்கரின் வாயால் வானொலி வர்ணனைபோலக் கேட்டோம்.

"முதலாளி, இன்னும் கொஞ்சம் மேல... பூவத் தள்ளாதீங்க... ஆ, சுவத்துச் சுவிட்ச் போட்டாச்சு! இப்ப பெட்டியில உள்ளதப் போடுங்க... பச்சை எரியுது தம்பி, பச்சை எரியுது!"

மேசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன். பிடிப்பக்கத்தால் சுவிட்சைத் தட்டிய முதலாளி அப்போது குடையைத் திருப்பி இழுத்திருக்கிறார். குடையின் வளைந்த பிடி, கணினிப் பெட்டியின் மேல் வைத்திருந்த நிறைகுடத்தின் கழுத்தில் மாட்டியிருக்கிறது.

எங்களுக்குக் கேட்டது இந்த வரிசையில்: ஒரு செம்பு விழும் சத்தம். ஒரு தேங்காய் உருளும் சத்தம். சுர்ர் என்று ஒரு சத்தம். கிளாக்கரின் குரல்: "முருகா! பச்சை போயிருச்சு."

ஒன்பது நாற்பத்தொன்று. யாழ்ப்பாணத்து அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டோ? இதுக்குள்ள வேற ஆரும் பூர ஏலாது எண்டு சொன்னனீங்கள், என்ன?"

"ஓம் மேடம்."

"அது உண்மைதான். நீங்களே பூர ஏலாமல்தான் நிக்கிறியள்."

ஏழு பேரும் சிரித்தார்கள். தேநீர் தந்து அனுப்பினார்கள். வேறொரு நிறுவனத்தின் தூள். நன்றாக இருந்தது.

மறுநாள் ஹட்டனுக்குப் போய் இறங்கியபோது கணினியை முற்றத்தில் வெயில் காய வைத்திருந்தார்கள். சந்தனம் அப்படியே இருந்தது. "நீ நாள் பாத்த அழகுக்கு இதுதான் மிச்சம்" என்று மட்டும் சொன்னார் முதலாளி. மேலும் இரண்டு வருடம் நான் தற்காலிகமாகவே இருந்தேன்.

இன்றைக்கும் நான் கைப்பேசியை எடுக்காவிட்டால், கேட்பவர்களிடம் என் மனைவி, "அவரு பூசையில இருக்காருங்க" என்கிறாள். வீட்டுக் கணினி திறக்கவில்லை என்று நான் முனகினால், மகள் போய்க் குடையைக் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

அந்த ஓடர் கண்டியிலுள்ள ஒரு நிறுவனத்துக்குப் போனது. அவர்களிடம் கணினி இல்லை. தினமும் காலையில் இருப்பைத் தாளில் எழுதி, ஃபாக்ஸில் அனுப்பினார்கள்.