மலையுச்சியில் கழற்றிய ஷூ

பக்தி முற்றினால் ஞானம் வரும் என்பார்கள். எனக்கு மரக்காணத்துக்குத் திரும்பும் டிக்கெட்தான் வந்தது.

2005இல் கம்ப்யூட்டர் வேலைக்காகச் சென்னை ஆபீஸிலிருந்து என்னை மூன்று மாதம் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே கிளியனூர்க்காரன் முருகன். எங்கள் இருவரில் ஒருவனைத்தான் மேலும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளப் போவதாக அங்கிருந்த மேலாளர் வால்டர் சொல்லிவிட்டார். ஊரிலோ அம்மா, "எம்புள்ள அங்கயே செட்டில் ஆயிட்டான்" என்று தெருத்தெருவாகச் சொல்லி முடித்திருந்தாள். எனக்குத் தூக்கம் போனது.

கடைசி வாரம் வால்டர் எங்களை ஆல்ப்ஸில் ஒரு மலையுச்சிக்கு அழைத்தார். கயிறெல்லாம் வேண்டாம், நடந்தே ஏறலாம். "வருஷா வருஷம் பெருமுக்கல் மலை ஏறுறவன் நான்" என்று (ஏறியது இரண்டே முறை) அளந்துவிட்டேன். அவர் அதை நம்பி, தன்னுடைய மலையேற்ற ஷூவையே எனக்கு இரவல் தந்தார்.

நான்கு மணி நேர ஏற்றம். உச்சியில் ஆளுயர மரச்சிலுவை. அந்த ஊர் மலையுச்சிகளில் அப்படி நட்டு வைப்பது வழக்கமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், மலை மேல் சாமி இருந்தால் செருப்போடு நிற்கக் கூடாது என்பதுதான். ஷூவைக் கழற்றினேன்.

"டேய், இன்னாடா பண்ற?" என்றான் முருகன்.

"சாமிடா. நீயும் கழட்டு."

"குளிருதுடா. நான் மனசுல கும்பிட்டுக்கறேன்."

பாவி, அங்கேயே ஜெயித்துவிட்டான். நான் ‘அந்த ஒரு வருஷம் எனக்கே கிடைக்கணும்’ என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். விழுந்த வேகத்தில் என் காலே தட்டி, வலது ஷூ விளிம்பைத் தாண்டிப் போனது. பாறையில் மோதி மோதி அது இறங்கிய சத்தம் வெகுநேரம் கேட்டது. பதினைந்து வருடமாக வால்டரோடு மலையேறிய ஷூவாம்.

"உப்பளத்துல வெறுங்காலோட வளர்ந்தவன் சார்" என்று வீரமாக நடந்தேன். பத்தடிதான். பிறகு சரளைக்கல். அழுகையே வந்துவிட்டது. முருகனின் கம்பளித் தொப்பியை வலது காலில் மாட்டிக்கொண்டு, பாதி தூரம் வால்டரின் முதுகிலேயே இறங்கினேன். அறுபதை நெருங்கும் மனிதர், மூச்சு வாங்க வாங்கச் சுமந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். எதிரே ஏறி வந்த ஒரு குடும்பம் எனக்கு சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனது.

முருகன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். நான் அந்த மாதமே திரும்பினேன். சென்னை ஆபீஸில் கேலி தாங்காமல் வேலையை விட்டு, இப்போது அப்பாவின் உப்பளத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஆரம்பித்துவிடுவார்: "எல்லாரும் மலை ஏறி முடி காணிக்கை குடுப்பாங்க. எம்புள்ள ஒத்த ஷூ குடுத்துட்டு வந்தான். ஏம்பா, அப்படி இன்னாதான் வேண்டிக்கிட்ட?"

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துவைப்பேன். அதை மட்டும் இன்றுவரை அவரிடம் நான் சொன்னதில்லை.