உணர்ச்சி உள்ள கால்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. நான் நலம், இடது கால் நீங்கலாக. நீயும் பிள்ளைகளும் எல்லாக் கால்களோடும் நலமாக இருக்க வாழ்த்துகிறேன்.

உன் அக்கா போனில் அழுது ஒரு கதை சொல்லியிருப்பாள். நடந்ததை நான் சொல்கிறேன். பாதத்தில் வரும் சர்க்கரைப் புண்ணுக்குப் புது மருந்து ஆராய்ச்சி என்று ஆஸ்பத்திரியில் ஆள் சேர்த்தார்கள். எனக்கும் இடது பாதத்தில் சின்னதாக ஒரு புண். போனேன். காலில் உணர்ச்சி செத்தவர்களுக்கு மருந்தோடு முழங்கால்வரை ஒரு பூட்ஸ். உணர்ச்சி இருப்பவர்களுக்கு மருந்து மட்டும். எதிர்ப் பெஞ்சில் ஒரு தையல்காரர் அந்தப் பூட்ஸோடு, வாளிக்குள் கால் மாட்டிக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தக் கதி வேண்டாம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். நர்ஸ் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையை எடுத்து, "பாதத்துல பட்டா சொல்லுங்க சார்" என்றாள். ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனால் அவள் குனியும்போதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. கிறீச், "தெரியுது!" கிறீச், "தெரியுது!" ஒன்றுகூட விடவில்லை. ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறிக் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடிக்கும் ஆசாமிகளை முப்பது வருடம் பிடித்தவனுக்கு இந்த வித்தை தெரியாதா? "உங்க கால் நல்லா இருக்கு சார்" என்றாள். என் உடம்பில் ஏதோ ஒன்று நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லி எத்தனை காலமாயிற்று! அந்தக் குஷியில் பஸ் பிடிக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

அதற்கப்புறம் செருப்பில் ஆணி ஏறினால் நான் என்ன செய்ய? உன் அக்காதான் பார்த்தாள். "என்னங்க, தரையெல்லாம் ரத்தம்! வலிக்கலையா?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா?" என்றேன். காலையிலிருந்து ஆணியோடு கடைத்தெரு முழுக்கச் சுற்றியிருக்கிறேன்! புண் எலும்புவரை போய்விட்டதாம். டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு எல்லா இடத்துலயும் உணர்ச்சி இருக்குன்னு எழுதியிருக்கே, எப்படி சார்?" என்று கேட்டார்.

"அன்னிக்கு இருந்துச்சும்மா" என்றேன். உன் அக்கா பார்த்த பார்வை இருக்கிறதே, அது மட்டும் நன்றாக உறைத்தது. என்னை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கணுக்காலுக்கு மேலே காலை எடுத்தாக வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். "போட்டுத் தொலைங்க, நீங்க இருந்தா போதும்" என்கிறாள் உன் அக்கா. போட மாட்டேன். நீ விவரம் தெரிந்தவன், டாக்டரம்மாவிடம் பேசி எப்படியாவது அந்தப் பூட்ஸை வாங்கிக் கொடு. வாளியானாலும் பரவாயில்லை, மாட்டிக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அடுத்த மாதம் இரண்டு காலில் நடந்து வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தலையணைக்கு அடியிலேயே கிடந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாயிற்று, எடுத்தும் விட்டார்கள். இனிமேல் யாரிடமும் பொய் சொல்வதில்லை என்று உன் அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். இன்று காலை அதே நர்ஸ் கட்டைப் பார்க்க வந்தாள். கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. "தெரியுது!" என்றேன்.

"எங்க சார்?" என்று மெதுவாகக் கேட்டாள். விரலை நீட்டிக் காட்டினேன். நான் காட்டிய இடத்தில் வெறும் மெத்தைதான் இருந்தது.