வாஸ்து பார்த்துக் கட்டிய போர்க்களம்

சரண்யாவுக்கு எல்லாம் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு என் மானம் போனதில் மற்றவர்கள் எல்லாம் வெறுமனே சிரித்தவர்கள். குற்றவாளி அவள் ஒருத்திதான். பெயரை மாற்றி எழுதலாமே என்றார்கள். மாட்டேன்.

"துப்பாக்கி கேமுக்குச் சொந்தமாக மேப் கட்டுவது எப்படி என்று நாலு டிப்ஸ் எழுதிக் கொடுங்கள்" என்றுதான் என்னிடம் கேட்டார்கள். தருகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த டிப்ஸ் ஒவ்வொன்றும் ஒரு தப்பிலிருந்து கற்றது. அத்தனை தப்பையும் ஒரே மேப்பில் செய்தேன். அதனால் கதையைப் படிக்காமல் டிப்ஸ் கிடைக்காது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வகை கேமில் ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம் நின்று சுட்டுக்கொள்வார்கள். சுடுவதற்குச் சுவர், படிக்கட்டு, சந்து, மாடி என்று ஓர் இடம் வேண்டுமே, அதுதான் மேப். கேமோடு வருகிற மேப்புகள் போதாது என்று நினைத்தால் கணினியில் நாமே கட்டிக்கொள்ளலாம். செங்கல் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம், கொத்தனார் லீவு போட மாட்டார். (கொத்தனார் நானே. திட்டு வாங்குவதும் நானே.)

சரவணம்பட்டியில் இன்ஜினியரிங் கடைசி வருடம். எங்கள் துறை விழாவில் வருடா வருடம் இந்த கேமுக்குப் போட்டி நடக்கும். அந்த வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. மாணவர்களே மேப் கட்டலாம், நன்றாக இருந்தால் அதுதான் இனி ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு, கட்டியவர் பெயர் மேப்பின் வாசலிலேயே இருக்கும். அறிவிப்பைப் படித்த எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், "பொம்பளப் புள்ளைக மேப் கட்டுனா வாசல்ல கோலம் போட்டு வெச்சிருவாங்கடா" என்றான். அந்த நிமிடமே பேர் கொடுத்துவிட்டேன். என் பேரையும் சரண்யா பேரையும். அவளிடம் கேட்கவில்லை.

சரண்யா என் ஹாஸ்டல் அறைத்தோழி. சென்னிமலைக்காரி. வீட்டில் பெட்ஷீட் நெய்கிறார்கள். நான் பெருந்துறை. அப்பா வீடு கட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்டர். எனக்குக் கோடு தெரியும், அவளுக்கு நிறம் தெரியும். சுவர் எழுப்புவது நான், சுவருக்கு நிறமும் டிசைனும் கொடுப்பது அவள் என்று பிரித்துக்கொண்டோம். வகுப்பு முடிந்ததும் லேபுக்குப் போவோம். வழியில் பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்குவாள். நடுவில் இருக்கிற தேங்காயைத் தின்றுவிட்டு ஓரத்தை என்னிடம் கொடுப்பாள். இப்போதும் தேங்காய் பன் வாங்கினால் ஓரத்தைத்தான் முதலில் தின்கிறேன். பழக்கம். வேறொன்றும் இல்லை.

முதல் டிப்ஸ் இங்கே வருகிறது. மேப்பை முதலில் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாகக் கட்டுங்கள். அழகு எல்லாம் கடைசியில். பெட்டிகளுக்குள் ஓடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் நடு இடத்துக்கு வந்து சேர ஒரே நேரம் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் சுவரை நகர்த்துங்கள். நான் இதைச் செய்யவில்லை. வீடு கட்டுகிறவர் மகளாயிற்றே, பேப்பரில் பிளான் போட்டேன். பிளானை ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு எடுத்துப் போனேன். டைனிங் டேபிளில் வைத்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனங்களிலேயே பெரியது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஏஞ்சாமி, ஆரு ஊட்டுப் பிளானு இது?"

"ஊடு இல்லீங்ப்பா, கேம்."

"கன்னி மூலைல போயி பள்ளத்த வெச்சிருக்கறயே. குடியிருக்கறவிய வெளங்குவாங்களா?"

"இதுல ஆரும் குடியிருக்க மாட்டாங்க. இந்தப் பக்கம் அஞ்சு பேரு, அந்தப் பக்கம் அஞ்சு பேரு. சுட்டுக்குவாங்க."

அப்பா விரல் விட்டுக் கூட்டினார். "அப்ப பத்துப் பேரு பொழங்கற எடம். பத்துப் பேரு பொழங்கற எடத்துக்கு வாஸ்து பாக்காம இருந்தா எப்புடி?"

சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டார். தென்மேற்கு, அதாவது கன்னி மூலை, உயரமாக இருக்க வேண்டும். அங்கே மாடி. வடகிழக்கு, எங்கள் ஊரில் சனி மூலை, தாழ்வாக இருக்க வேண்டும். அங்கே தண்ணீர்த் தொட்டி. பள்ளத்திலிருந்து ஏற நான் இரண்டு பக்கம் படிக்கட்டு வைத்திருந்தேன். ஒன்றை அடித்தார்.

"ரெண்டு வழி இருந்தா லச்சுமி தங்க மாட்டா கண்ணு."

நியாயமாக நான் சிரித்துவிட்டு வேறு பேப்பர் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பிளானைப் பார்க்க அவ்வளவு அம்சமாக இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்த வீடு எல்லாம் அப்படித்தான் இருந்தது. மாடி அந்த மூலையில் இல்லாவிட்டால் எனக்கு என்னவோ சட்டைப் பித்தானை மாற்றிப் போட்ட மாதிரி இருக்கும். வாஸ்துவில் நம்பிக்கை இல்லை என்று ஹாஸ்டலில் சத்தமாகப் பேசுகிறவள்தான். கை நம்பியது.

அப்படியே கட்டினேன். ஒரு டீம் மாடியில் தொடங்கும். இன்னொரு டீம் காலித் தொட்டிக்குள் தொடங்கும். செத்தால் அதே இடத்தில் மறுபடி உயிர் வரும். தொட்டியிலிருந்து வெளியே வர ஒரே படிக்கட்டு. அந்தப் படி மாடியிலிருந்து பார்த்தால் உள்ளங்கை மாதிரித் தெரியும். லச்சுமி தங்கினாளோ இல்லையோ, கீழே நின்ற ஐந்து பேரும் அங்கேயே தங்கினார்கள்.

(இரண்டாவது டிப்ஸ்: எந்த அறைக்கும் குறைந்தது இரண்டு வழி. தொடங்கும் இடம் எதிரியின் கண்ணுக்குத் தெரியவே கூடாது. இதைப் பச்சை குத்திக்கொண்டாலும் தப்பில்லை.)

சரண்யா வீட்டு பெட்ஷீட்டுகளைப் போட்டோ எடுத்து வந்து சுவருக்கெல்லாம் ஒட்டினாள். நீலக் கட்டம், சிவப்புக் கோடு, பச்சைக் கரை. அப்படி ஒரு போர்க்களத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சண்டைக்குப் போகிற இடம் மாதிரி இல்லை, படுத்துத் தூங்கலாம் போல இருந்தது.

மூன்று வாரம் சோதித்துப் பார்த்தோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். லேபில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்போம். நான் மாடி, அவள் தொட்டி. நான்தான் கட்டினேன், அதனால் மாடி எனக்கு. அதில் விவாதமே கிடையாது. தினமும் நான்தான் ஜெயித்தேன். ஒருமுறைகூடச் சாகவில்லை. ஒவ்வொரு தடவை அவளைச் சுட்டதும் மாடியில் நின்று குதிப்பேன். (கேமிலும் குதிப்பேன், நாற்காலியிலும் குதிப்பேன்.) நான் பிறவிச் சுடுகாரி என்றே நம்பிவிட்டேன். இந்தத் திறமையோடு ஏன் படித்துக் கஷ்டப்படுகிறோம் என்றுகூட யோசித்தேன்.

"மேப் எப்புடிடி?" என்று கேட்பேன்.

"சூப்பரா இருக்குது கோமு" என்பாள். "நாளைக்கும் இதையே வெளையாடலாம்."

விழா நாள் வந்தது. எட்டு டீம். லேபில் நிற்க இடமில்லை. நான் முன்னால் மேசையில் மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். முதல் ஆட்டம். முதல் பாதியில் மாடி டீம் ஏழுக்குப் பூஜ்யம். பக்கம் மாற்றினார்கள். இப்போது மற்ற டீம் மாடி. ஏழுக்குப் பூஜ்யம். சமம். "ரெண்டு டீமும் சரிக்குச் சரி மல்லுக்கட்டுறாங்க" என்று மைக்கில் நானே பெருமையாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

இரண்டாவது ஆட்டம். ஏழுக்குப் பூஜ்யம், பூஜ்யத்துக்கு ஏழு. சமம். கைதட்டல் குறைந்தது. மூன்றாவது ஆட்டமும் அதே கணக்கு. யாரும் கைதட்டவில்லை. சமமானால் கடைசியாக ஒரு ரவுண்டு வைக்க வேண்டும், டாஸ் ஜெயித்தவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. டாஸ் ஜெயித்தவர்கள் எல்லோரும் மாடி கேட்டார்கள். மாடி கேட்டவர்கள் எல்லோரும் ஜெயித்தார்கள். நாலாவது ஆட்டத்துக்கு மெக்கானிக்கல் டீம், கேமே தெரியாத ஒருத்தனைக் கூட்டி வந்தது. கேட்டால், "இவனுக்கு டாஸ்ல ராசிங்க்கா" என்றார்கள்.

துறைத் தலைவர் எழுந்தார். நல்ல மனிதர். அதுதான் கொடுமை, கோபமே படவில்லை.

"ஏம்மா கோமதி, காசச் சுண்டுனா முடிவு தெரிஞ்சு போகுது. இதுக்கு எதுக்கும்மா இத்தன கம்ப்யூட்டரு? காச மட்டும் வெச்சுக்கிட்டு எல்லாரும் ஊட்டுக்குப் போலாமே."

லேப் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் தொட்டியில் நின்ற டீமில் ஒருவன், "டேய், கோமு தெரியறாடா!" என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவனும் கத்தினான். பிறகு பாட்டு மாதிரி எல்லோரும், "கோமு தெரியறா, கோமு தெரியறா!" நான் இருந்த மேசைக்கு அவர்கள் திரை தெரியாது. என் பேரை அப்படிக் கூப்பிடுகிறவள் அந்தக் காலேஜில் ஒருத்திதான். அவள் சொல்லிக் கொடுத்துத்தான் கத்துகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

மேப்பை எடுத்துவிட்டுப் பழைய மேப்பைப் போட்டுப் போட்டியை முடித்தார்கள். வராந்தாவில் சரண்யாவைப் பிடித்தேன்.

"மேப் இப்புடி இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"மொத நாள்ல இருந்து."

"அப்பறம் ஏண்டி சொல்லல? ஊரே சிரிக்கட்டும்னுதான?"

"நீ ஒருக்காகூட கீழ நின்னு பாத்ததில்ல கோமு" என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். நானும் என்னென்னவோ சொன்னேன். பெட்ஷீட்டையும் விட்டுவைக்கவில்லை. அதை எழுதமாட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரே அறையில் பேசாமல் இருந்தோம். ஃபேன் சுவிட்சைப் போடச் சொல்லக்கூடப் பேச்சில்லை. வேர்த்துக்கொண்டு படுத்திருப்போம், யார் முதலில் எழுவது என்று. பரீட்சை முடிந்தது, பெட்டியைக் கட்டினோம், போய்விட்டோம். அவள் சரவணம்பட்டியிலேயே ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தாள். நான் பெருந்துறை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் வைக்க லேஅவுட் போடுகிறேன். பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். ஆறு வருடம் ஆகிறது.

வீட்டில் இந்தக் கதை பண்டிகைப் பலகாரம் மாதிரி. விருந்தாளி யார் வந்தாலும் அப்பா எடுத்து வைப்பார். "எம்புள்ள ஒரு ஊடு கட்டுச்சுங்க. ஒரே நாள்ல எரநூறு பேரு செத்தாங்க. ஆனா வாஸ்து சுத்தமுங்க." எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்து வந்த தரகரிடமும் சொன்னார். அவர் திரும்பி வரவில்லை. (இதற்கு நன்றி அப்பா.)

போன மாதம் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம் என்று எடுத்தேன். ஃபைல்களைக் காப்பி செய்யும்போது மேப் கண்ணில் பட்டது. திறந்தேன். மேலேயா கீழேயா என்று கேட்டது. விரல் பழக்கத்தில் மேலே போனது. நிறுத்திவிட்டு, முதல் தடவையாகக் கீழே என்பதை அழுத்தினேன்.

தொட்டி. சுற்றிலும் நீலக் கட்டம் போட்ட சுவர். தொட்டியில் உயிர் வந்து நிற்கிறவர்களின் முகத்துக்கு நேரே, கட்டங்களுக்கு நடுவே, நெய்த எழுத்து மாதிரி சின்னதாக ஒரு வரி.

"இங்கிருந்து பார்த்தா கோமு தெரியறா."

பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அது காட்டுகிற இடத்தைப் பார்த்தேன். மாடி தெரிந்தது. நான் குதிக்கிற அந்த மூலை முழுசாகத் தெரிந்தது. இப்போது அங்கே யாரும் இல்லை. லேபில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த எனக்கு, மாடியில் குதிக்கிற நான் கீழிருந்து எப்படித் தெரிவேன் என்று தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தொட்டியில் நின்றவர்கள் மட்டும் படிக்க முடிகிற வரி. அந்தப் பையன்கள் செத்துச் செத்துப் படித்திருக்கிறார்கள். நான்தான் சாகவே இல்லையே.

ஆகவே கடைசி டிப்ஸ்: மேப்பை வெளியே விடுவதற்கு முன் இரண்டு பக்கமும் நீங்களே நின்று பாருங்கள். உங்களோடு விளையாடுகிறவள் தினமும் தோற்றுவிட்டு, தினமும் சூப்பர் என்று சொன்னால், மேப்பை அல்ல, அவளைத் திரும்பிப் பாருங்கள்.

எங்கள் டிபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அவளும் இருக்கிறாள். எல்லோர் பிறந்தநாளுக்கும் கட்டைவிரல் போடுவாள். என் பிறந்தநாளுக்கு மட்டும் போட மாட்டாள். (பார்த்தேன். ஆறு வருடமும் பார்த்தேன்.)

சரண்யா, லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. மேப்பில் எதையும் மாற்றவில்லை, பெட்ஷீட் உட்பட. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு சர்வர் போடுகிறேன். மாடி உனக்கு. நான் கீழே நிற்கிறேன். முதல் நாளிலிருந்தே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பதற்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை. தனியாக மெசேஜ் அனுப்பினால் திறக்க மாட்டேன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால்தானே என் பேரைக் கத்தினார்கள்? அதே அத்தனை பேரும் இருக்கிற குரூப்பில் எழுது. ஏன் சொல்லவில்லை? ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா, இல்லையா?